ஆயில் சீல் மட்டும் மாற்றினால் போதுமா?



வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. உங்களில் பலர் இப்போது பெரிய வண்டி வைத்திருக்கிறீர்கள். பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, இன்னோவா என்று தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் நீங்கள் ஊருக்கு வரும்போது தெருவே அடைத்துக்கொள்கிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த வண்டிகளின் பின்சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பேரிங்கையும் ஒரு ரப்பர் வளையத்தையும் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். "சார் ரிட்டயர்டு ஆனதும் மெக்கானிக் ஆயிட்டாரு" என்று சிலர் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். பதிவு கொஞ்சம் நீளம். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டுமல்ல, வண்டியில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்களும் படிக்க வேண்டியது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின் ஆக்சிலில் ஆயில் கசிந்தால் மெக்கானிக்கிடம் போய், "சீல் மட்டும் மாத்திக் குடுப்பா" என்று சொல்லாதீர்கள். "ஏன் கசிந்தது?" என்று கேளுங்கள். சீல், பேரிங், பிரேக், ப்ரீதர் ஆகிய நான்கையும் ஒரே வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முழு வேலைக்கும் உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இதுதான் என் கட்சி. இனி காரணங்களைச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவை நம் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஏரிகள் நிரம்பி வழிந்தன. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையும் பெருக்கெடுத்து, அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே வண்டிகள் நின்றுபோயின. அந்த வாரம் எத்தனை பேர் சக்கரம் முழுகும் தண்ணீரில் வண்டியை விட்டு வெளியே கொண்டுவந்தீர்கள்! அதைப் பெருமையாக வீடியோ எடுத்து அனுப்பியவர்களும் உண்டு. "பெரிய வண்டி சார், எதுவும் ஆகாது" என்றார்கள்.

இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் போக இன்ஜின் ஒன்றுதானா வழி? பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குறுக்கே கிடக்கிறதே ஒரு இரும்புக் குழாய், நடுவில் வயிறு போல உருண்டு, அது முழுக்கத் தண்ணீருக்குள் இருந்ததே! அதற்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

முதலில் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன வண்டிகளில் எல்லாம் பின்பக்கம் ஒரே துண்டான திட அச்சு. நடுவில் உருண்டிருக்கும் பகுதியில் கிரவுனும் பினியனும் கியர் ஆயிலில் மூழ்கிச் சுற்றுகின்றன. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஆக்சில் ஷாஃப்ட் கிளம்பிச் சக்கரத்துக்குப் போகின்றன. சக்கரத்துக்குச் சற்று உள்ளே ஒவ்வொரு ஷாஃப்டிலும் ஒரு பேரிங் இறுக்கி ஏற்றப்பட்டிருக்கும். அது நகராமல் இருக்க ஒரு இரும்புக் காலர். கியர் ஆயில் சக்கரம் வரைக்கும் வந்துவிடாமல் தடுக்க ஒரு ஆயில் சீல். சீல் என்பது ரப்பர் உதடு. அந்த உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் ஒன்று ஓடும். சுழலும் ஷாஃப்டை அந்த உதடு மெதுவாகக் கவ்விப் பிடித்திருக்கும். அதற்கு அடுத்தாற்போல வெளியே பிரேக் டிரம், பிரேக் ஷூ. (எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகளில் பின்பக்க அமைப்பே வேறு. இந்தப் பதிவு திட அச்சு வண்டிக்காரர்களுக்கு.)

மாட்டு வண்டி ஓட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். அச்சு, மேலே சக்கரம், நடுவில் வண்டி மை, கழன்று போகாமல் கடையாணி. அங்கே மை செய்த வேலையை இங்கே ஆயிலும் பேரிங்கும் செய்கின்றன. கடையாணியின் வேலையைக் காலர் செய்கிறது. மை காய்ந்துபோனால் மாட்டு வண்டி ஊரைக் கூட்டிக் கத்தும். இந்த வண்டி அப்படிக் கத்தாது. கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, பாட்டை வைத்துக்கொண்டு போகிறவனுக்கு மெல்லிய முனகல் எப்படிக் கேட்கும்?

இப்போது ஒரு பழைய பாடம். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ வாயு விதி படித்தீர்களே, நினைவிருக்கிறதா? பருமன் மாறாத மூடிய கலத்தில், வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். "இதெல்லாம் வாழ்க்கையில எதுக்கு சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். இதற்குத்தான்.

நெடுஞ்சாலையில் ஓடி வந்த வண்டியின் ஆக்சில் உள்ளே 77 டிகிரி செல்சியஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 350. அப்படியே 27 டிகிரி வெள்ள நீரில் இறங்குகிறது. உள்ளே இருக்கும் காற்றும் குளிர்ந்து 300 கெல்வினுக்கு வந்தால், அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். அதில் ஏழில் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 1.4 மீட்டர். அதாவது இடுப்பளவுக்கு மேல் தண்ணீரை உறிஞ்சி ஏற்றக்கூடிய இழுப்பு அந்தக் குழாய்க்குள் உண்டாகிறது. சீலின் உதடு உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கச் செய்யப்பட்டது. வெளியே இருப்பதை உள்ளிருந்து இப்படி இழுத்தால், அதுவும் தேய்ந்த உதடாக இருந்தால், எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

வண்டி செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஆக்சில் குழாயின் மேல் விரல்நுனி அளவில் ஒரு சின்ன மூச்சுத்துளி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ப்ரீதர். சூடேறினால் உள்காற்று அதன் வழியாக வெளியேறும், குளிர்ந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். ஆனால் அதுவே தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே போகும். காட்டுப் பாதைக்கென்று செய்த வண்டிகளில் ப்ரீதரை ஒரு குழாய் வைத்து உயரத்துக்குக் கொண்டுபோவது இதனால்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதுதான் முக்கியம். வெள்ளத்தில் வந்த சேறு காய்ந்து ப்ரீதரை அடைத்துவிட்டது என்று வையுங்கள். இப்போது 27 டிகிரியில் கிளம்பிய வண்டி ஓடி ஓடி 77 டிகிரி ஆகிறது. 300 கெல்வின் 350 ஆகிறது. அழுத்தம் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது. வெளியேற வழியில்லாத அந்தக் காற்று ஆயிலைத் தள்ளுகிறது. எங்கே தள்ளும்? இருப்பதிலேயே பலவீனமான இடத்தில், சீலின் உதட்டில். ஆயில் கசிந்து சக்கரத்துக்கு வருகிறது. நாம் என்ன சொல்கிறோம்? "சீல் போயிடுச்சு." புது சீல் போட்டால் அதுவும் போகும். மூச்சை அடைத்து வைத்துவிட்டு உதட்டைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

என் தங்கை மகன் வாடகை வண்டி ஓட்டுகிறார். புயலுக்குப் பிறகு அவர் வண்டியில் நடந்தது அச்சு அசலாக இதுதான். நான்கு மாதம் கழித்து இடது பின்சக்கரத்தில் கசிவு. வழியில் ஒரு பட்டறையில் சீல் மாற்றினார். இரண்டு மாதத்தில் மறுபடி கசிவு. மறுபடி சீல். "டூப்ளிகேட் சீல் போட்டு ஏமாத்திட்டான் மாமா" என்று என்னிடம் வந்து குறைபட்டார். என்னிடம் படித்து, ஐ.டி.ஐ. முடித்து, இப்போது சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாணவனிடம் அனுப்பினேன். அவன் சக்கரத்தைத் தொடவே இல்லை. முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, ப்ரீதரைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினான். உள்ளே களிமண் செங்கல் போல இறுகியிருந்தது. அடுத்து ஆயிலை வடித்தான். தேன் நிறத்தில் வர வேண்டிய கியர் ஆயில் பால் கலந்த காப்பி போல வந்தது. தண்ணீர் கலந்த ஆயிலின் நிறம் அது. ஷாஃப்டை உருவி பேரிங்கைச் சுற்றிப் பார்த்தால், மணல் அரைபடுவது போல் நறநறவென்று ஒரு சத்தம்.

"சார், ரெண்டு தடவ சீல் போட்டவன் ஏமாத்தல. சீல் மட்டும் போடச் சொன்னாங்க, அவன் போட்டான்" என்றான். அந்தப் பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கேட்டதை மட்டும் செய்கிறவர் மீது குற்றமில்லை. நாம் கேட்பதே பாதியாக இருக்கிறது.

சரி, கொஞ்சம் ஆயில் கசிந்தால் என்ன, அவ்வப்போது ஊற்றிக்கொண்டால் போகிறது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம்.

முதலாவது பிரேக். சீலைத் தாண்டி வரும் ஆயில் தரையில் சொட்டுவதற்கு முன்பே பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்துவிடும். உராய்வால் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் உராய்வைக் குறைக்கும் பொருள். உலர்ந்த சக்கரம் பிடிக்கும், நனைந்த சக்கரம் வழுக்கும். ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பும். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் சனி, ஞாயிறு மாலையில் என்ன வேகத்தில் வண்டிகள் வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஒரு வண்டி தன் பாதையை விட்டு ஒரு அடி விலகினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நனைந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே ஊறிய ஆயில் சூடேறும்போது மறுபடி வெளியே வரும். ஆயில் குடித்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போடுவதுதான் முறை.

இரண்டாவது, சக்கரமே. லாரி ஓட்டுகிற பிள்ளைகளுக்குத் தெரியும், லாரியில் ஆக்சில் ஷாஃப்டை முழுக்க உருவி எடுத்தாலும் சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். பாரத்தைத் தாங்குவது வெளியே இருக்கும் ஹப். ஷாஃப்ட் சுற்றுவதோடு சரி. நம் வண்டிகளில் அப்படி இல்லை. சுற்றுவதும் ஷாஃப்ட்தான், அந்தச் சக்கரத்தின் பாரத்தைத் தாங்குவதும் ஷாஃப்ட்தான். இவற்றில் பலவற்றில் ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது அந்த ஒரு பேரிங்கும் அதன் பின்னே இருக்கும் காலரும்தான். பேரிங் உடைந்து காலரும் நழுவினால், சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து வண்டியை விட்டு வெளியே வந்துவிடும். கடையாணி கழன்ற வண்டி கதைதான். மாடு நடக்கும் வேகத்தில் கழன்றால் இறங்கித் தூக்கி மாட்டலாம். 80 கிலோமீட்டர் வேகத்தில் கழன்றால்?

அந்தப் பேரிங் படும் பாட்டையும் ஒரு கணக்கில் பாருங்கள். இந்த வண்டிகளின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். திண்டிவனத்திலிருந்து சென்னை சுமார் 125 கிலோமீட்டர். ஒரு தடவை போய்ச் சேர்வதற்குள் சுமார் 57 ஆயிரம் சுற்று. போய்வந்தால் லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஆள், சாமான், வண்டி எல்லாம் சேர்த்த பாரம் அந்த இரும்புக் குண்டுகளின் மேல் ஏறி இறங்குகிறது. குண்டுக்கும் அதன் பாதைக்கும் இடையே இருப்பது கண்ணுக்கே தெரியாத ஆயில் படலம். அதில் தண்ணீர் கலந்தால் படலம் கிழியும், இரும்பு இரும்போடு உரசும். வெள்ளத்துக்குப் பிறகு வண்டியை இரண்டு வாரம் அப்படியே நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம். குண்டு உட்கார்ந்திருக்கும் அதே இடங்களில் துரு பிடிக்கும். பிறகு வண்டி ஓடும்போது ஒவ்வொரு குண்டும் அந்தத் துருக்குழியில் விழுந்து எழும். அந்த முனகல் வரத் தொடங்குவதற்கே மாதங்கள் ஆகலாம். அதற்குள் நாம் புயலை மறந்துவிடுவோம். மரக்காணம் உப்பளம், கழுவேலி பக்கம் உவர் தண்ணீரில் வண்டி இறக்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உப்பு சேர்ந்தால் துரு வேகமாகும்.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு நுணுக்கமா என்று கேட்டால், ஆம். குண்டுகளை எல்லாம் ஒரே அளவில், ஒரே உருண்டையாகத் தேய்த்தெடுக்கும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரெட்ரிக் ஃபிஷர் உருவாக்கியது 1883இல். கூம்பு உருளை பேரிங்குக்கு அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898இல். ஸ்வீடனில் ஒரு நெசவாலைப் பொறியாளராக இருந்த ஸ்வென் விங்க்விஸ்ட், ஆலைக் கட்டடத்தின் அடிமண் இறங்கி ஷாஃப்டுகள் கோணலாவதையும் பேரிங்குகள் அடிக்கடி போவதையும் கண்டு, தானே சரிசெய்துகொள்ளும் பேரிங் ஒன்றை உருவாக்கி எஸ்.கே.எஃப். நிறுவனத்தைத் தொடங்கியது 1907இல். அவரைப் பாருங்கள். "பேரிங் போச்சு, வேற போடு" என்று விட்டுவிடவில்லை. ஏன் போகிறது என்று கேட்டார். நாமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

"பேரிங் நல்லா இருந்தா அதை ஏன் சார் மாத்தணும்?" நியாயமான கேள்விதான். சில வண்டிகளில் சீல் குழாயின் உள்ளே தனியாக இருக்கும். ஷாஃப்டை உருவினாலே மாற்றிவிடலாம். ஆயில் சுத்தமாக இருந்து, பேரிங் கையில் சுற்றும்போது சத்தமும் ஆட்டமும் இல்லாமல் வழவழவென்று ஓடினால், சீல் மட்டும் போடலாம், தவறில்லை. ஆனால் வேறு சில வண்டிகளில் பேரிங்கை ஷாஃப்டிலிருந்து பிடுங்காமல் சீலை எடுக்கவே முடியாது. பிடுங்கும் விசை குண்டுகள் வழியாகப் போனால் பாதையில் தழும்பு விழும். அப்படிப் பிடுங்கிய பேரிங்கை மறுபடி ஏற்றக் கூடாது. காலரையும் அப்படித்தான். ஒரு தடவை எடுத்த காலர் பிடிமானம் இழந்தது. புதுக் காலர்தான் போட வேண்டும்.

"ஒரு பக்கம்தானே கசியுது, ரெண்டு பக்கமும் எதுக்கு?" வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் இரண்டு பக்கமும் ஒரே தண்ணீரைத்தான் குடித்தன. இரண்டையும் செய்துவிடுங்கள். வெள்ளம் பார்க்காத வண்டி என்றால் கெட்ட பக்கத்தைச் செய்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திறந்து பார்த்து முடிவு செய்யலாம்.

"செலவு அதிகமாகுதே சார்." இங்கேதான் நம் கணக்கு தப்புகிறது. சீல் விலை குறைவு. பேரிங் அதைவிடப் பல மடங்கு. ஆனால் சக்கரம், டிரம் கழற்றி, ஷாஃப்டை உருவி, மறுபடி மாட்டும் கூலி, சீலுக்கு மட்டும் என்றாலும் எல்லாவற்றுக்கும் என்றாலும் பெரும்பாலும் அதேதான். மூன்று தடவை அரை வேலை செய்தால் மூன்று தடவை கூலி, மூன்று நாள் வண்டி நிற்கும் நட்டம். என் தங்கை மகன் இரண்டு தடவை மிச்சம் பிடித்த பணத்தைக் கூட்டிப் பார்த்தபோது, ஒரு தடவை முழு வேலை செய்திருக்கலாம் என்று தெரிந்தது.

கூலியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழைய காலரை எடுப்பது பார்க்க வேண்டிய வேலை. துளை போட்டு, உளியால் ஒரே அடியில் பிளக்க வேண்டும். துளை ஒரு நூல் ஆழம் கூடினால் ஷாஃப்டில் காயம். அவசரக்காரர்கள் கேஸ் வைத்துச் சூடேற்றுவார்கள். இன்னும் சிலர் புதுக் காலர் நழுவாமல் இருக்க ஷாஃப்டோடு வெல்டிங் வைப்பார்கள். அந்தச் சூட்டில் இரும்பின் பதம் கெட்டு, ஷாஃப்ட் அதே இடத்தில் முறிய வாய்ப்பு உண்டு. முறையாகச் செய்தால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வைத்து, பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் படும்படி ஏற்ற வேண்டும். சீல் உரசும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் கசியும். சீலின் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, கோணாமல் நேராக இறக்க வேண்டும். இத்தனையும் சக்கரத்தை மாட்டிய பிறகு வெளியே தெரியாத வேலை. வெளியே தெரியாத வேலையை நேர்மையாகச் செய்கிறவனிடம் போய், "ஒரு சீல் மாத்த இவ்வளவா?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ஜவுளிக்கடையில் போட்ட விலைக்கு வாங்கி வருகிறோம். கையில் கிரீஸ் உள்ளவனிடம்தான் நமக்குப் பேரம் வருகிறது. பேரம் பேசிக் குறைத்த கூலிக்கு ஏற்றபடி வேலையும் குறையும். குறைந்தது எது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

பொருள் வாங்குவதில் ஏமாறாமல் இருக்க ஒரு சின்ன சூத்திரம் சொல்லித் தருகிறேன். பேரிங் மேல் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 6207. முதல் 6 என்பது ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் என்ற வகை. அடுத்த 2 என்பது அதன் தடிமன் வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்துளையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 07 பெருக்கல் 5, 35 மி.மீ. (04 முதல் மேலே இந்தக் கணக்கு சரியாக வரும்.) 302 என்று தொடங்கினால் கூம்பு உருளை வகை. எல்லா ஆக்சில் பேரிங்கும் இந்த எண்முறையில் வராது, வண்டி நிறுவனம் தனி எண் கொடுத்திருக்கலாம். ஆனாலும் பழைய பேரிங்கின் எண்ணும் புதியதன் எண்ணும், பின்னால் வரும் எழுத்துகள் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். எழுத்து மங்கலாக, கோணலாக, மை அச்சு போல இருந்தால் சந்தேகப்படுங்கள். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். ஜி.பி. ரோடானாலும் நம் ஊர்க் கடையானாலும் ரசீதோடு, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். புதுப்பேட்டைப் பழைய பொருளில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பேரிங், சீல் மட்டும் வேண்டாம்.

இன்னொன்றும் யோசியுங்கள். வாடகை வண்டிக்கு எஃப்.சி. உண்டு. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அந்தப் 15 ஆண்டில் உங்கள் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கச் சட்டப்படி யாரும் வரப்போவதில்லை. எஃப்.சி.யிலும் யாரும் ஷாஃப்டை உருவிப் பார்ப்பதில்லை. ஆகவே சோதிக்க வேண்டியவர் நீங்கள்தான். எட்டு பேரை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூருக்கும் திருவண்ணாமலைக்கும் போகிற வண்டிக்கு, கிளம்பும் முன் எலுமிச்சம்பழம் வைப்பது உங்கள் நம்பிக்கை, நான் தடுக்கவில்லை. பழத்தை வைக்கக் குனியும்போது சக்கரத்தின் உட்பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. சக்கரத்தின் உட்பக்கம், டயர் ஓரம், டிரம்மின் பின்தட்டில் ஆயில் வடு இருக்கிறதா? கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். நீர்த்து, பெயின்ட்டை உரித்திருந்தால் பிரேக் ஆயில். இரண்டுமே ஆபத்து, ஆனால் வேலை வேறு.

2. வேகம் கூடக் கூட ஒரு "ஊ" சத்தம் கூடுகிறதா? நியூட்ரலில் விட்டாலும் போகாமல் இருக்கிறதா? தார்ச் சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும்போது மாறினால் அது டயர் சத்தம். சாலை மாறினாலும் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் பாரம் சாயும்போது கூடினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

3. நீண்ட தூரம் ஓடி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அதிகச் சூடோ கருகிய நெடியோ வருகிறதா?

4. சமதரையில் முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ நறநறப்போ இருந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போகவும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

5. மழைக்கு முன் ஒரு தடவை ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. திருவக்கரை பக்கம் கல்குவாரித் தூசியில் ஓடுகிற வண்டிகளுக்கு இது இன்னும் அவசியம்.

6. சக்கரம் முழுகும் தண்ணீரில் இறங்கிய வண்டியா? அந்த வாரத்திலேயே ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் எடுத்து நிறம் பாருங்கள். பால் நிறம் கலந்திருந்தால் முழுக்க வடித்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயில் ஊற்றுங்கள். ஒரு ஆயில் மாற்றும் செலவில் இரண்டு பேரிங் தப்பும். வெள்ளம் வடிந்த வாரம் செய்யாதவர்கள் இப்போதாவது செய்யுங்கள்.

பிள்ளைகளே, வண்டி வாங்க ஐந்து ஆண்டு தவணை கட்டுகிறீர்கள். அலாய் வீல், சீட் கவர், பாட்டுப் பெட்டி என்று வெளியே தெரிவதற்கெல்லாம் தாராளமாகச் செலவு செய்கிறீர்கள். அதில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாத இந்த இடத்துக்கும் ஒதுக்குங்கள். கிளியனூர், திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வண்டிக்காரர் "சீல் மட்டும்" என்று சொன்னாலும், ப்ரீதரைக் கழற்றி, ஆயில் நிறத்தைக் காட்டி, நடப்பைச் சொல்லிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். சொல்வது உங்கள் தொழில்.

யார் யார் வண்டி ஃபெஞ்சல் தண்ணீரில் இறங்கியது, அதன் பிறகு ஆக்சில் ஆயில் பார்த்தீர்களா என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் குறித்து வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்து கேட்பேன். வீட்டுப்பாடம் கேட்கிற பழக்கம் இன்னும் போகவில்லை.

எல்லோரும் நலமாகப் போய் நலமாக வீடு திரும்புங்கள்.